டவாலியே சாட்சி

ஆகஸ்ட் 5, திங்கள்

மாவு மில்லில் எனக்கு முன்னால் நின்றவர், பதினோரு படங்களில் கதாநாயகனின் செத்துப்போன அப்பாவாக வந்தவர். நடித்தவர் என்று சொன்னால் பொய். மாலை போட்ட போட்டோவாகச் சுவரில் தொங்கியவர். படப்பிடிப்புக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. எப்போதோ ஒரு ஸ்டூடியோவில் நின்று எடுத்துக்கொண்ட ஒரே படத்தைக் கம்பெனி கம்பெனியாக வாங்கிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். இன்று கம்பு அரைக்க வந்திருந்தார்.

மில்காரர் அவரிடம், "உங்கள உயிரோட பார்க்கிறப்ப எல்லாம் ஒரு மாதிரியா இருக்கு சார்" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் அவர்.

வளசரவாக்கத்தில் குடியிருப்பதில் இந்த ஒரு சௌகரியம். போன வாரம் பல் டாக்டரிடம் போனால், ஊரையே கொளுத்துகிற வில்லன் ஊசியைப் பார்த்துவிட்டு மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் எழுதித்தான் என் வண்டி ஓடுகிறது. 'மணிப்புறா' வார இதழில் 'பிரபலமும் நானும்' பக்கம் என்னுடையது. பிரபலம் காலமாகிவிட்டால் அஞ்சலியும் என்னுடையது. அலுவலகத்தில் என் பெயர் அஞ்சலி கோதண்டம். எந்தப் பிரபலம் போனாலும் அவரோடு எனக்கு ஒரு நெகிழ்ச்சியான சந்திப்பு இருக்கும். காலமானவர்கள் மறுப்புக் கடிதம் போடுவதில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் அஸ்திவாரம்.

மாவோடு வீட்டுக்கு வந்தால் ஜெஸிந்தா போன். எங்கள் ஆசிரியர். முப்பத்தோரு வயது, மணிக்கு முப்பத்தோரு போன்.

"சார், ஜட்ஜ் மாசிலாமணி ஐசியூல இருக்காராம். ஸ்ட்ரோக். ஒரு அஞ்சலி எழுதி வெச்சிடுங்களேன்."

"மனுஷன் இன்னும் இருக்காரேம்மா."

"இருந்தா சந்தோஷம் சார். 'தயார்' ஃபோல்டர்ல போட்டுடுங்க. நாளைக்கு ஃபார்ம் முடியுது, பக்கமெல்லாம் அச்சுக்குப் போகணும்."

மாசிலாமணியின் பெயர் யாருக்கும் தெரியாது. முகம் தெரியாதவர் கிடையாது. நூற்று நாற்பது படங்களில் நீதிபதி. அம்மா கூண்டில் நின்று கதறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே, அவர்தான். எழுபத்தொன்பது வயது. பேங்கில் அவர் வரிசையில் நின்றால் காஷியர் எழுந்து நிற்பார் என்று சொல்வார்கள்.

எழுத விஷயம் இருக்கிறது. இவரை நான் உண்மையாகவே சந்தித்திருக்கிறேன். இது எனக்கே புதுசு.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதிவிட்டேன். தலைப்பு: 'எனக்குச் சோறு போட்ட நீதிபதி'.

1997. எனக்கு இருபத்தேழு வயது. ஒரு படப்பிடிப்புக்குச் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் சாப்பாட்டுப் பந்தி முடிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நீதிபதி கோட்டோடு ஒரு பெரியவர் மரத்தடியிலிருந்து, "தம்பி, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். மூடியில் ஒரு நசுங்கல். சாம்பார் சாதம், கூட்டு, தயிர்சாதம், கீழடுக்கில் அப்பளம். பாதியை எனக்கு மூடியில் எடுத்து வைத்தார். 'அந்தத் தயிர்சாதத்தின் புளிப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது' என்று முடித்தேன். முடிவு கொஞ்சம் மலிவுதான். ஆனால் வாசகர்கள் விழுவார்கள்.

மங்கை கீரை ஆய்ந்துகொண்டே படித்தாள். என் எழுத்தைப் படிக்கிறபோது அவள் கையில் எப்போதும் வேறு ஒரு வேலை இருக்கும்.

"பாதிதானே இருக்கு?" என்றாள்.

"பக்கமே அவ்வளவுதான் மங்கை."

"ம்" என்றாள். கீரைத் தண்டை ஒடித்த சத்தம் தேவைக்கு அதிகமாக இருந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

சிலிண்டர் வந்தது. வாஷர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். வேறு விசேஷமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

விசேஷம் வந்துவிட்டது.

காலை பத்தே முக்காலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் வாட்ஸாப்பில் 'ஜட்ஜ் நடிகர் மறைவு' என்று போட, வேறு பத்திரிகை முந்திக்கொள்ளக் கூடாதே என்று ஜெஸிந்தா என் அஞ்சலியை இணையத்தில் ஏற்றிவிட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தார்கள். நானே என்னைப் பாராட்டிக்கொண்டு இரண்டாவது காபி குடித்தேன். நாற்பத்து மூன்றாவது நிமிஷத்தில் தெரிந்தது: மாசிலாமணி ஐசியூவிலிருந்து சாதா வார்டுக்கு மாறி, ரசம் சாதம் கேட்டிருக்கிறார்.

எடுத்துவிட்டார்கள். ஆனால் ஊரெல்லாம் படம் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு வாசகர் எழுதியிருந்தார்: 'உயிரோடிருப்பவருக்கு அஞ்சலி எழுதிய கோதண்டம் அவர்களே, உங்களுக்கு எப்போது?'

நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 12, திங்கள்

மில்லில் டவாலி தங்கப்பழத்தைப் பார்த்தேன்.

சினிமாக் கோர்ட்டில் ஜட்ஜ் இருந்தால் வாசலில் டவாலியும் இருக்க வேண்டும். தோளில் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு பெயரை மூன்று தரம் கூவிக் கூப்பிடுகிற ஆள். மாசிலாமணி உள்ளே கண்ணாடி துடைத்த படங்களிலெல்லாம் வெளியே கூவியவர் தங்கப்பழம். எழுபத்து நாலு வயது. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஐம்பது வருஷச் சென்னை அவர் நாக்கைத் தொடவே இல்லை.

மில்லுக்கு வருகிறவர்களுக்கு அவரைக் கண்டால் கொண்டாட்டம். இன்று ஒரு பள்ளிக்கூட டீச்சர், "என் பேரக் கூப்பிடுங்க சார்" என்றாள். தங்கப்பழம் கோதுமை டின்னைக் கீழே வைத்தார், முதுகை நிமிர்த்தினார், "எமிலீலீ… எமிலீலீ… எமிலீலீ!" என்றார். அரைக்கும் இயந்திரச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுத் தெருமுனை நாய் எழுந்து நின்றது.

"சார், உங்க பேரையும் கூப்புடட்டா?" என்றார் என்னிடம்.

"ஐயோ, வேண்டாம் வேண்டாம்."

சிரித்தார். பிறகு குரலை இறக்கி, "அண்ணாச்சியப் பத்தி எழுதுன அஞ்சலிய என் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. அந்தக் கேரியர எனக்கும் தெரியும் சார். எத்தன தடவ அதுல சாப்பிட்டிருக்கேன். ஆசுபத்திரி வாசல் வரைக்கும் போனேன், பாத்துக்கிடுங்க. உள்ள போகல" என்றார்.

"ஏன்?"

"அவிய என்கூடப் பேசி இருபத்தேழு வருசமாச்சு. ஏதோ பத்திரிகையில நாலு வரி. வீட்டுக்குச் சோறு கொண்டு போறாவன்னு. நான்தான் சொன்னேன்னு முடிவு கட்டிட்டாவ. சத்தியமா நான் சொல்லல சார். யார்ட்டயும் சொல்லல. எங்க ரெண்டு பேருக்கும் இனி எத்தன நாளு? ஒரு தடவ எதுக்க உக்காந்து ஒரு டீ குடிச்சிட்டாப் போதும்."

கோதுமை மாவு நல்ல சூடாக இருந்தது. பையைக் கை மாற்றிக் கை மாற்றி வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாவு சலித்தேன். "எதுக்கு ரெண்டு தரம் சலிக்கிறீங்க?" என்றாள் மங்கை.

ஆகஸ்ட் 17, சனி

போன். பெண் குரல். "சார், நான் பொற்கொடி. ஜட்ஜ் மாசிலாமணி பொண்ணு. ஈ.பி. ஆபீஸ்ல இருக்கேன்."

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் சிரித்தாள். "அட விடுங்க சார். அப்பாவுக்கு நாலு தடவ வாசிச்சுட்டேன். தன்னோட அஞ்சலியத் தானே கேட்ட ஒரே நடிகன் நான்தான்னு வர்ற நர்ஸ்கிட்ட எல்லாம் பெருமையடிச்சுக்கறார். இருங்க, தரேன்."

அவருக்கு வாய் கொஞ்சம் கோணியிருக்க வேண்டும். வார்த்தைகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. "தம்பி. அந்த… சைக்கிள் தம்பி… நீங்களா? நாளைக்கு… வீட்டுக்கு வாங்க."

வருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சாலிகிராமம், முதல் மாடி. போகிற வழியில் ஆப்பிள் வாங்கினேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறவன் நல்லவன் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.

மாசிலாமணி நாற்காலியில் இருந்தார். இடது கை மடியில் கிடந்தது. இவ்வளவு பிரசித்தமான முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கும்போது ஒரு கோணல் புத்தி வருகிறது: பின்னால் தராசு பொம்மை எங்கே என்று தேடினேன். அங்கே காலண்டரும் மாத்திரை டப்பாவும்தான்.

பொற்கொடி முறுக்கு வைத்தாள். "நானே சுட்டது சார்."

பிறகு உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். கேரியர். நாலடுக்கு. மூடியில் அதே நசுங்கல். இத்தனை நாள் அந்த நசுங்கலை நான் எழுத்து நயத்துக்குச் சேர்த்தேன் என்றே நினைத்திருந்தேன். நிஜமாகவே இருக்கிறது.

"அப்ப அம்மாவுக்கு சிறுநீரகக் கோளாறு. ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்தோம். சமைக்க ஆள் கிடையாது. அப்பா ஷூட்டிங்ல தன் சாப்பாட்ட சாப்பிடாம, கொஞ்சம் கூடவும் கேட்டு வாங்கி இதுல எடுத்துட்டு வருவார். ராத்திரிக்கு எங்களுக்கு அதான்" என்றாள். "உங்களுக்குப் பாதி குடுத்தாரே, அந்த நாளு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். அப்பளம் மட்டும் முழுசா வந்துச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்தேன்.

"அப்புறம் எவனோ பத்திரிகைல எழுதிட்டான். ஸ்டூடியோ கேட்டுல மேனேஜர் எல்லாருக்கும் முன்னாடி, 'ஜட்ஜய்யா, கேரியரத் தொறந்து காட்டுங்க'ன்னாராம். அன்னியிலேருந்து அப்பா எடுத்துட்டுப் போகல. ஆறு மாசம் யாரும் வேலைக்கும் கூப்பிடல. நான் சமைக்கக் கத்துக்கிட்டது அப்பதான். பன்னெண்டு வயசு."

மாசிலாமணி வலது கையால் சட்டைப் பையைத் தடவிப் பழைய காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டியிருந்தது. 'சுவர்ப்பல்லி சொன்னது' என்ற கிசுகிசுப் பகுதி. எங்கள் 'மணிப்புறா'தான்.

*தீர்ப்பு வழங்கும் பெரியவர் ஒருவர், கம்பெனிச் சாப்பாட்டை நாலடுக்குக் கேரியரில் தினமும் வீட்டுக்குக் கடத்துகிறாராம். எந்த வக்கீலாலும் இவரைக் காப்பாற்ற முடியாது. சாட்சி சொல்ல டவாலியே தயாராம்!*

"வேற யாருக்கும்… தெரியாது" என்றார் மாசிலாமணி. "பழத்துக்குத்தான்… தெரியும். கூட உக்காந்து… தின்னவன்."

"அவர் வந்து பார்க்கணும்னு ஆசைப்படறார்" என்றேன். இவ்வளவாவது சொன்னேன்.

"வரட்டும். ஆமான்னு… ஒரு வார்த்தை… சொல்லட்டும். போதும்."

பொற்கொடி வாசல் வரை வந்தாள். பையில் முறுக்கு கட்டிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இந்த நோட்டை மங்கையைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. அவளுக்குத் தெரிந்ததுதான்.

சுவர்ப்பல்லி நான்தான்.

சாப்பிட்டு முடித்ததும் மாசிலாமணி குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்குக் கொண்டு போறது தம்பி. வெளிய சொல்லிடாதீங்க" என்றார். தலையாட்டினேன். பத்திரிகைக்காரன் என்று அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை கிசுகிசுப் பகுதியில் ஒரு துண்டு குறைந்தது. எழுதினேன். பெயர் போடவில்லையே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிசுகிசுவில் பெயர் போடாதது, படிக்கிறவர்கள் கண்டுபிடித்து மகிழ்வதற்காக என்பது அதை எழுதுகிறவனுக்குத் தெரியாதா?

தங்கப்பழத்தை நான் அப்போது பார்த்தது கூட இல்லை. கோர்ட்டு, வக்கீல் என்று எழுதி வந்தபோது கடைசி வரி சப்பென்று இருந்தது. ஒரு சிரிப்பு வேண்டும். டவாலி என்ற சொல் அகப்பட்டது. சேர்த்தேன். வாக்கியம் நிமிர்ந்து நின்றது. அலுவலகத்தில் நாலு பேர் சிரித்தார்கள். கல்யாணமான புதிதில் மங்கையிடம் இதை ஒரு சாகசமாகச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அந்தக் காகிதத்தைப் படித்ததும் என் மனதில் முதலில் ஓடியது எது என்றால், 'நல்ல வரி' என்பதுதான். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இப்போது சொன்னால் அவர் உடம்பு தாங்காது. டாக்டரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். எந்த டாக்டரை என்று யோசிக்க வேண்டும்.

ஜெஸிந்தாவிடம் மட்டும் வாய் சும்மா இல்லை. அலுவலகத்தில் காபி குடிக்கிறபோது ஜட்ஜும் டவாலியும் பேசாமலிருப்பதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் கண் அகன்றது. "சார்! இருபத்தேழு வருஷம்! நாம சேர்த்து வைக்கலாம் சார். போட்டோவோட மூணு பக்கம். உங்க அஞ்சலி தப்பா வந்ததுக்கும் ஒரு பரிகாரம்."

கிசுகிசு நம் பத்திரிகையில்தான் வந்தது என்றேன். "அப்போ இன்னும் நல்லது சார். யார் எழுதினது?" "அந்தக் காலத்து ஆட்கள். யாரோ" என்றேன்.

ஐம்பத்து நாலு வயதில் நான் எனக்கே 'யாரோ' ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மில்லில் தங்கப்பழத்திடம் சொல்லிவிடுவது என்று போனேன். "தங்கப்பழம் சார், ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். மின்சாரம் போய்விட்டது. மில் ஓசை நின்றதும் நான் பேசுவது எல்லாருக்கும் கேட்டது. "…கோதுமையோட கொஞ்சம் சோயா சேர்த்து அரைச்சா சப்பாத்தி மெத்துனு வருமாமே?" என்று முடித்தேன்.

"வரும்" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எப்படி எழுதுவது? நடந்தபடி எழுதுகிறேன்.

ஜெஸிந்தா குறித்த நாள். மாசிலாமணி கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தங்கப்பழத்தை ஆட்டோவில் கூட்டிப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி.  மாடிப்படியில், "சார், ஆமான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னாவளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜெஸிந்தாவும் போட்டோகிராபரும் முன்பே வந்து விளக்கு மாட்டியிருந்தார்கள். மாசிலாமணிக்கு வெள்ளைச் சட்டை. இரண்டு கிழவர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முகத்தில் நீதிபதியும் இல்லை, டவாலியும் இல்லை.

"பழம்" என்றார் மாசிலாமணி. "நீதானே?"

நான் கதவோரம் நின்றேன். கை எட்டுகிற தூரம். வாயைத் திறந்தால் போதும்.

"ஆமா அண்ணாச்சி" என்றார் தங்கப்பழம். "நாந்தான் சொன்னேன். புத்தியில்லாம சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

மாசிலாமணி வலது கையை நீட்டினார். தங்கப்பழம் அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இருவரும் அழுதார்கள். பொற்கொடி அழுதாள். ஜெஸிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே "இன்னொரு தடவ கையப் பிடிங்க சார்" என்றாள். போட்டோகிராபர் கைதட்டினார். நானும் தட்டினேன்.

என் கைகள் தட்டின. அதை நான் பார்த்தேன்.

பிறகு டீ வந்தது. தங்கப்பழம் ஊதி ஊதிக் குடித்தார். மாசிலாமணி என்னைக் காட்டி, "இந்தத் தம்பியாலதான்… இன்னிக்கு… நீ வந்த" என்றார்.

திரும்புகையில் ஆட்டோவில் தங்கப்பழம் சொன்னார்: "பொய் சொல்லிட்டேன் சார். செய்யாததச் செஞ்சேன்னு. எத்தன படத்துல நிரபராதியக் கூண்டுக்குக் கூப்பிட்டிருக்கேன், இன்னைக்கு நானே ஏறிட்டேன்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "எழுதுனவன் எவனோ. இருந்தான்னா நல்லா இருக்கட்டும். டீ நல்லாருந்துச்சு, இல்ல?"

பிறகு திடீரென்று, "இது புஸ்தகத்துல வருமா சார்? நாந்தான் காட்டிக் குடுத்தேன்னா வரும்? என் பேத்தி வாசிப்பாளே" என்றார்.

ஜெஸிந்தாவிடமிருந்து செய்தி வந்திருந்தது: *தலைப்பு ரெடி சார். '27 ஆண்டுகளுக்குப் பின் குற்றத்தை ஒப்புக்கொண்ட டவாலி!' செவ்வாய் மதியத்துக்குள் மேட்டர் வேண்டும்.*

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஓடியது. நன்றாக ஓடியது. அதுதான் பயமாக இருந்தது. 'கூண்டில் ஏறிய டவாலி' என்று ஒரு வரி வேறு தானாக வந்து நின்றது, அந்தப் பழைய வரி போலவே நிமிர்ந்துகொண்டு.

மங்கை துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள். "அந்தப் பெரியவருக்குப் பேத்தி இருக்கா?"

"இருக்கு. காலேஜ் படிக்கிறாளாம்."

"அவர் சேர்ந்துட்டார். அவருக்கு வேண்டியது கெடைச்சிருச்சு. நீங்க சும்மா இருந்தாலும் யாருக்கும் தெரியாது. இல்லையா?"

"ஆமாம்."

"அப்ப ஏன் காலையிலேருந்து செருப்பப் போட்டுக்கிட்டு உக்காந்து எழுதறீங்க?"

குனிந்து பார்த்தேன். போட்டிருந்தேன்.

அப்படியே சாலிகிராமம் போனேன். கிருஷ்ண ஜெயந்தி விடுமுறை. பொற்கொடி வீட்டிலிருந்தாள். மணி ஒன்றேகால். தங்கப்பழமும் அங்கேதான். விட்டுப்போன இருபத்தேழு வருஷத்தை இன்றே முடித்துவிடுகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். "வாங்க சார், வாங்க!" என்று எழுந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கொஞ்சம் வேடிக்கையாகத் தொடங்கி, சுயகிண்டல் செய்து, கடைசியில் மன்னிப்பு. வாசலில் எல்லாம் உதிர்ந்துவிட்டது.

"அந்த நாலு வரிய எழுதினது நான்தான்" என்றேன். "இவர் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. நீங்க சோறு போட்ட மறுநாள் நான் எழுதினேன். டவாலின்னு போட்டது சும்மா, ஒரு சிரிப்புக்கு."

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நூற்று நாற்பது படம் பார்த்தவன் அல்லவா, தீர்ப்பு வரும் என்று ஒரு பழக்கம். வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தங்கப்பழத்தின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன்டா… ஒத்துக்கிட்ட?"

"பெறகு? ஆமான்னு சொன்னாத்தான டீ தருவேன்னிய."

மாசிலாமணியின் வாய் கோணிக்கொண்டு ஏதோ செய்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல கையால் தங்கப்பழத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "இருபத்தேழு வருசம்… உன்ன நான்…" என்றார்.

தங்கப்பழம் என் பக்கம் திரும்பினார். குரலில் முந்தைய 'சார்' இல்லை. "ஆட்டோல பக்கத்துலதான இருந்தீரு? நல்லா இருக்கட்டும்னு சொன்னேனே. கேட்டுக்கிட்டுத்தான இருந்தீரு?"

"இருந்தேன்."

"மில்லுல வாரா வாரம் பாக்கீரு. சோயா கேட்டீரு!"

சோயாவுக்குப் பதில் கிடையாது.

பொற்கொடி அடுப்படி வாசலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். இரண்டு தட்டு எடுத்து வந்து இரண்டு பேருக்கும் முன்னால் வைத்தாள். சாம்பார் சாதம், கூட்டு, அப்பளம். எனக்கு இல்லை. அது சரிதான். கிளம்பத் திரும்பினேன்.

"கொடி" என்றார் மாசிலாமணி. "மணி… ஒண்ணரை. அவரு… சாப்பிட்டாரா… கேளு."

அவள் கேட்கவில்லை. மூன்றாவது தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். வைத்த சத்தம் கேட்டது.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இப்போதும் தெரியவில்லை. அப்பளம் கடித்தால் சத்தம் வரும் என்று அதை மட்டும் தொடாமல் வைத்தேன். பொற்கொடி கவனித்தாள். "அப்பளத்தையும் சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன்.

கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது கேட்டாள்: "இதையும் எழுதுவீங்களா சார்?"

"நீங்க வேண்டாம்னா எழுதல."

உள்ளேயிருந்து தங்கப்பழம், "எழுதட்டும்!" என்றார். "பேரு போட்டு எழுதணும். டவாலி கிவாலின்னு போடப்படாது. நூத்துச் சொச்சம் படத்துல ஒரு டைட்டில்லயும் என் பேரு வந்தது கெடயாது. தங்கப்பழம்னு போடணும். அண்ணாச்சிக்கு மாசிலாமணின்னு போடணும். உம்ம பேரும் போடணும்."

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஜெஸிந்தாவிடம் மூன்று பக்கத்துக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் போன் அடித்தும் எடுக்கவில்லை.

"அன்னிக்குக் கேட்டேனே சார். யாரோன்னீங்க."

"ஆமாம்மா."

"இது வந்தா உங்க அஞ்சலிய யாரும் நம்ப மாட்டாங்க."

"நம்பக் கூடாது."

"'பிரபலமும் நானும்' பக்கத்தக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணும் சார்" என்றாள். 'கொஞ்ச நாள்' என்பதைச் சொல்லும்போது மேஜையைப் பார்த்தாள். நல்ல பெண்.

ஆகஸ்ட் 29, வியாழன்

இதழ் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம், வலது மூலை.

*1997-இல் இந்த இதழின் 'சுவர்ப்பல்லி' பகுதியில் நடிகர் மாசிலாமணி பற்றி வந்த நான்கு வரிகளை எழுதியவன் நான். அவர் தம் வீட்டுக்கு வைத்திருந்த சோற்றில் பாதியை எனக்குப் போட்டார், மறுநாள் எழுதினேன். நடிகர் தங்கப்பழம் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. அவரை இழுத்தது என் வாக்கியத்தின் அழகுக்காக. – கோதண்டம்*

நாலு வரியில் அடக்கப் பார்த்தேன். ஏழு வந்துவிட்டது. அழகாக இல்லை.

மங்கை படித்தாள். இந்தத் தடவை கையில் வேலை எதுவும் இல்லை. "முழுசா இருக்கு" என்றாள். பிறகு, கோதுமை தீர்ந்துபோய் இரண்டு நாளாகிறது என்றாள்.

வேறு மில்லுக்குப் போகலாமா என்று தெருமுனையில் நின்று யோசித்தேன். போரூரில் ஒன்று இருக்கிறது. பிறகு வழக்கமான மில்லுக்கே போனேன்.

நல்ல கூட்டம். செத்துப்போன அப்பா இருந்தார். எமிலி டீச்சர் இருந்தாள். நடுவில் தங்கப்பழம், இதழைப் பிரித்துத் தன் பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்து ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் வரிசையின் கடைசியில் டின்னை வைத்துவிட்டு, அதன்மேலேயே குந்திச் சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

"இந்தக் கோதண்டம் யாரு சார்?" என்று டீச்சர் கேட்பது காதில் விழுந்தது.

தங்கப்பழம் பதில் சொல்லவில்லை. இதழை மடித்துக் கக்கத்தில் வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"கோதண்டம்…! கோதண்டம்…! கோதண்டம்…!"

மில்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்து, டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.